சுவரில் தொங்கிய இரு பெண்கள்



ஆண்டுதோறும் மார்ச் 8ஆம் திகதி வந்ததும் மகளிர் தின விழாக்கள் களைகட்டுகின்றன. பாடசாலைகள், வங்கிகள், திணைக்களங்கள், கலைக்கழகங்கள் எல்லாம் மேடை போட்டுப் பெண்களைப் பாராட்டுகின்றன. பொன்னாடை, பூச்செண்டு, நினைவுச் சின்னம், குழுப் படம். நல்ல விடயம்தான். ஆனால், மறுநாள் காலையில் அந்த நிறுவனத்துக்குள் நுழைந்து, "இங்கே யார் படிக்கிறார்கள்? யார் கற்பிக்கிறார்கள்? யார் தெரிவு செய்கிறார்கள்? யார் மேசையில் அமர்ந்து முடிவெடுக்கிறார்கள்?" என்று கேட்டுப் பார்த்தால் என்ன பதில் கிடைக்கும்?

இந்த நான்கு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, உலகப் புகழ்பெற்ற ஒரு கலை நிறுவனத்தின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். லண்டனில் உள்ள ரோயல் அக்கடமி என்னும் ஓவியக் கழகமே அது. 1768ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி, மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் ஆதரவுடன் தொடங்கப்பட்டது. ஓவியர்களும் சிற்பிகளும் கட்டடக் கலைஞர்களும் தாமே நடத்தும் நிறுவனம். அதற்கென ஒரு கலைப் பாடசாலை உண்டு; ஆண்டுதோறும் கண்காட்சியும் உண்டு. அதன் அங்கத்தவராவது பிரித்தானியக் கலைஞர் ஒருவருக்குப் பெரும் கௌரவம்.

அந்தக் கழகத்தை அமைத்த ஆரம்ப அங்கத்தவர்களில் இருவர் பெண்கள். ஒருவர் சுவிற்சர்லாந்தில் பிறந்த அஞ்செலிகா கௌஃப்மன். அப்போது வயது 27. மற்றவர் மலர்களை வரைவதில் பேர்பெற்ற மேரி மோசர். வயது 24. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இரு பெண்களுக்குச் சம இடமா என்று நாம் வியக்கலாம். வியப்பதற்கு முன் ஒரு படத்தைப் பார்க்க வேண்டும்.

நாற்காலி இல்லாத அங்கத்தவர்கள்

கழகம் தொடங்கி மூன்று ஆண்டுகள் கழிந்தபின், யொஹான் சொஃபானி என்ற ஓவியர் அதன் அங்கத்தவர்கள் ஒன்றுகூடியிருப்பதைப் பெரிய படமாக வரைந்தார். 1771-72இல் வரையப்பட்ட அந்த ஓவியம் இன்றும் பிரித்தானிய அரச குடும்பச் சேகரிப்பில் உள்ளது. மனித உடலமைப்பைப் பார்த்து வரையும் வகுப்பறை. விளக்கு எரிகிறது. முதல் தலைவர் ஜொஷுவா ரெனோல்ட்ஸ் உட்பட அங்கத்தவர்கள் நின்றும் அமர்ந்தும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டத்தின் பின்புறத்தில் ஒரு சீனர் நிற்கிறார். கன்ரன் நகரிலிருந்து லண்டனுக்கு வந்திருந்த, களிமண்ணில் உருவங்கள் செய்யும் கலைஞர் அவர். 1770ஆம் ஆண்டுக் கண்காட்சியில் அவரது படைப்பு இடம்பெற்றது. ஆனால் அவர் அங்கத்தவர் அல்லர், விருந்தாளி. விருந்தாளிக்கு அறைக்குள் நிற்க இடம் கிடைத்திருக்கிறது.

அஞ்செலிகாவும் மேரியும் எங்கே? சுவரில் தொங்குகிறார்கள்! ஆம், சட்டமிட்ட இரு உருவப்படங்களாக அவர்களை வரைந்து சுவரில் மாட்டிவிட்டார் ஓவியர். அந்த வகுப்பில் மாதிரிக்கு நிற்பவர்கள் ஆடையின்றி நின்றமையால், பெண்கள் அங்கே வருவது ஒழுக்கத்துக்கு ஒவ்வாது என்று அக்காலச் சமூகம் கருதியது. அங்கத்தவர் பட்டியலில் பெயர் இருந்தது. அறைக்குள் ஆள் இல்லை.

ஒழுக்கத்தைப் பேண வேண்டும் என்ற எண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை. அந்த எண்ணத்தின் விளைவு என்ன என்பதே நமது கவலை. வரலாற்றுக் காட்சிகளை வரையும் ஓவியமே உயர்ந்தது என்று அன்று மதிக்கப்பட்டது. அதற்கு உடலமைப்பு அறிவு அவசியம். அந்த அறிவைத் தரும் வகுப்பைப் பெண்ணுக்கு மூடிவிட்டு, "பெண்களால் உயர்ந்த ஓவியம் வரைய முடியாது" என்று தீர்ப்பும் சொன்னார்கள். கையைக் கட்டிவிட்டு நீந்தத் தெரியாது என்று சொல்வதைப் போன்றது இது.

அஞ்செலிகா சோர்ந்துவிடவில்லை. வரலாற்று ஓவியங்களையே வரைந்து புகழ்பெற்றார். 1778 முதல் 1780 வரை கழகத்தின் புதிய மண்டபத்துக்காக நான்கு முகட்டு ஓவியங்களை வரைந்துகொடுத்தார். கலையின் நான்கு அம்சங்களை நான்கு பெண் உருவங்களாகக் காட்டினார். அவற்றில் ஒரு பெண், பழைய ரோமானிய ஆண் சிலையொன்றைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறாள். வகுப்பறையில் கிடைக்காத அனுமதியை முகட்டில் எழுதிவைத்துவிட்டார் அந்தப் பெண்மணி. அவ்வோவியங்கள் இன்று பேர்லிங்டன் மாளிகையிலுள்ள கழகத்தின் நுழைவு மண்டபத்தை அலங்கரிக்கின்றன.

ஒரு குரல் இருந்தபோது

1775இல் இன்னொரு சம்பவம் நடந்தது. நத்தானியேல் ஹோன் என்ற அங்கத்தவர் கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பினார். அது தலைவர் ரெனோல்ட்ஸைக் கேலி செய்வதோடு, தன்னையும் இழிவுபடுத்துகிறது என்று அஞ்செலிகா கருதினார். அதை அகற்றாவிட்டால் தனது படங்களை மீளப் பெற்றுக்கொள்வேன் என்று கழகத்துக்கு எழுதினார். கழகம் அந்தப் படத்தை ஏற்காமல் திருப்பி அனுப்பியது.

ஏன் கேட்டார்கள்? அவர் வெளியிலிருந்து முறையிடவில்லை. உள்ளே இருந்த அங்கத்தவர். உள்ளே ஒருவர் இருப்பதன் பயன் இதுதான்.

அஞ்செலிகா 1807இல் ரோமில் காலமானார். மேரி மோசர் 1819இல் காலமானார். அதன்பின் அங்கே ஒரு பெண் அங்கத்தவரும் இல்லை. ஓராண்டு ஈராண்டு அல்ல, ஒரு நூற்றாண்டுக்கு மேல்!

"பெண்களைச் சேர்க்காதீர்கள்" என்று யாராவது சட்டம் கொண்டுவந்தார்களா? அமைப்பு விதியில் அங்கத்தவர்களைக் குறிக்க வழங்கிய ஆங்கிலச் சொல், "மனிதர்" என்றும் "ஆண்கள்" என்றும் இரு பொருள்படும் சொல். 1768இல் அதே சொல்லின் கீழ் இரு பெண்கள் அமர்ந்தார்கள். பின்னர் வந்தவர்களுக்கு அது ஆண்களை மட்டும் குறிப்பதாகப் பட்டது. விதி மாறவில்லை, வாசித்தவர்களின் மனம் மாறியது. திறந்த கதவொன்று ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது.

முதலெழுத்து செய்த வேலை

1859இல் 38 பெண் ஓவியர்கள் ஒன்றுசேர்ந்து, கழகத்தின் பாடசாலையில் பெண்களும் படிக்க இடம் வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு லோரா ஹேர்ஃபர்ட் என்ற பெண் ஒரு காரியம் செய்தார். அனுமதிக்காக அனுப்பிய சித்திரங்களில் தனது முழுப்பெயரை எழுதாமல், முதலெழுத்தையும் குடும்பப் பெயரையும் மட்டும் எழுதினார். தெரிவுக் குழுவினர் சித்திரங்களைப் பார்த்தார்கள், திறமை தெரிந்தது, அனுமதித்தார்கள். அனுமதிக் கடிதமும் ஆண்மகனுக்கு எழுதும் மரியாதைச் சொல்லுடன் வந்தது. வந்து நின்றவரோ பெண்! பெண்களைச் சேர்க்கக்கூடாது என்ற விதி எங்கும் இல்லை. எனவே ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

பெயர் மறைந்திருந்தபோது தெரிந்த திறமை, பெயர் தெரிந்திருந்தால் தெரிந்திருக்குமா? இதுதான் வாசகர்களே, நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம். அந்தக் குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். கலை அறிந்தவர்கள், கண்ணியமானவர்கள். ஆனால் பெயரைப் பார்த்த கண் படத்தை வேறு விதமாகப் பார்க்கிறது. அது அவர்களுக்கே தெரிவதில்லை.

நமது நாட்டில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை விடைத்தாளில் பெயரை எழுதுவதில்லை, சுட்டெண்ணை எழுதுகிறது. விடைத்தாளைத் திருத்துபவருக்கு அது ஃபாத்திமாவா, குமாரியா, செல்வியா, நிமலா என்று தெரியாது. அது வெறும் நிர்வாக வசதி அல்ல; நீதிக்கான ஏற்பாடு.

அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களும் இதே வழியைக் கையாண்டன. 1952இல் பொஸ்டன் இசைக்குழு, புதியவர்களைத் தெரிவு செய்யும்போது இசைப்பவரைத் திரைக்குப் பின்னால் இருத்திப் பார்த்தது. 1970களிலும் அதன் பின்னரும் மற்றக் குழுக்களும் அந்த வழியில் வந்தன. காலடி ஓசை ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் சில இடங்களில் தரையில் விரிப்பும் போட்டார்கள். 1970இல் அந்நாட்டின் முதல்தர இசைக்குழுக்கள் ஐந்திலும் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 1990களின் பிற்பகுதியில் அது நூற்றுக்கு 25 அளவுக்கு உயர்ந்தது. கிளோடியா கோல்டின், சிசிலியா ரௌஸ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இந்த உயர்வில் திரைக்கும் பங்குண்டு என்று எழுதினார்கள். அந்தப் பங்கு எவ்வளவு என்பதில் பின்னர் விவாதம் எழுந்தது உண்மை. ஆனாலும் காதால் மட்டும் கேட்டுத் தீர்ப்பளிப்பது நியாயமானது என்பதை யார்தான் மறுப்பார்கள்?

இரண்டே இரண்டு வாக்குகள்

லோரா ஹேர்ஃபர்ட்டுக்குப் பின் பாடசாலைக்குள் பெண்கள் வரத் தொடங்கினார்கள். அவரது சகோதரியின் மகள் ஹெலன் அதே பாடசாலையில் படித்து, பின்னாளில் பெயர்பெற்ற நீர்வர்ண ஓவியரானார். பெரியம்மா சின்னம்மாமார் வெட்டிய பாதையில் பிள்ளைகள் நடப்பது எந்த நாட்டிலும் உள்ளதுதானே!

ஆனால் படிக்க விட்டவர்கள் மேசையில் அமர விடவில்லை. 1874ஆம் ஆண்டுக் கண்காட்சியில் எலிசபெத் தொம்சன் என்ற இளம் பெண்ணின் போர்க்களப் படம் ஒன்று வைக்கப்பட்டது. கிரிமியப் போரில் களைத்துப்போன சிப்பாய்கள் பனியில் வரிசையாய் நிற்கும் காட்சி. அதைப் பார்க்க வந்த கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பொலிஸ்காரர் ஒருவரை நிறுத்த வேண்டியதாயிற்று. விக்டோரியா மகாராணி அந்தப் படத்தைத் தனதாக்கிக்கொண்டார். இத்தனைக்கும் பிறகு 1879இல் அவரைக் கழகத்தில் சேர்க்க வாக்கெடுத்தபோது, இரண்டு வாக்குகளால் தோற்றார். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், அரண்மனை ஏற்றுக்கொண்டது, சக கலைஞர்களின் மேசைதான் ஏற்கவில்லை.

உடலமைப்பை வரையும் வகுப்பின் கதை என்னாயிற்று? 1893இல் பெண் மாணவிகளுக்கென்று தனியாக, மாதிரிக்கு நிற்பவர் உடலின் ஒரு பகுதியை மறைத்து நிற்கும் வகையில் ஏற்பாடு செய்தார்கள். அவ்வளவுதான்! ஒழுக்கம் பற்றிய கவலைக்கு அவர்களே ஒரு வழி கண்டுவிட்டார்கள். ஆனால் அதற்கு, கழகம் தொடங்கி 125 ஆண்டுகள் ஆயின. மனம் இருந்திருந்தால் முதல் ஆண்டிலேயே செய்திருக்கலாம். "எங்களிடம் வசதி இல்லை", "பெண்களுக்கு இது பொருந்தாது" என்ற பதில்களை நாம் கேட்கும்போதெல்லாம் இந்த 125 ஆண்டுகளை நினைவுகூர வேண்டும்.

1922இல்தான் மீண்டும் ஒரு பெண்ணுக்குக் கதவு திறந்தது. அனி ஸ்வினர்ட்டன் துணை அங்கத்தவராகத் தெரிவு செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 78. பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் வயதில் வந்த அங்கீகாரம்!

உணவு மேசை வரை

முழு அங்கத்தவராக வாக்கெடுப்பில் தெரிவான முதல் பெண் லோரா நைட். ஆண்டு 1936. இவரது கதை நம் வீடுகளுக்கு நெருக்கமானது. தந்தை இல்லாத வீடு. தாய் ஓவியப் பாடசாலையில் கற்பித்துக் குடும்பத்தைத் தாங்கினார். மகளின் கையில் திறமை இருப்பதைக் கண்ட அந்தத் தாய், 13 வயதில் அவரை நொட்டிங்ஹாம் ஓவியப் பாடசாலையில் கட்டணமின்றிச் சேர்த்துவிட்டார். தாய் நோய்வாய்ப்பட்டதும் மகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அந்தப் பெண்தான் பின்னாளில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து நாசித் தலைவர்கள் மீது நியூரம்பேர்க்கில் விசாரணை நடந்தபோது அதை வரைய அனுப்பப்பட்டவர்.

கழகத்தின் அங்கத்தவர்கள் ஆண்டுதோறும் கூடும் பெரிய விருந்து ஒன்றுண்டு. 1936இல் அங்கத்தவராகிவிட்ட லோரா நைட் அதற்கு அழைக்கப்பட்டிருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். இல்லை. அந்த விருந்து பெண்களுக்குத் திறந்தது 1967இல். இடையில் 31 ஆண்டுகள்! பெயர்ப் பட்டியலில் சமத்துவம் வந்து, சாப்பாட்டு மேசைக்கு வர ஒரு தலைமுறை எடுத்திருக்கிறது.

அதன்பின் நடந்தவை சற்று வேகமானவை. 2011இல் கழகத்தின் பாடசாலைக்கு முதன்முறையாகப் பெண் பேராசிரியர்கள் இருவர் நியமிக்கப்பட்டார்கள். 2019 டிசம்பரில் ரெபெக்கா சோல்ட்டர் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். 251 ஆண்டுகளில் முதல் பெண் தலைவர்! 2024இல் அஞ்செலிகா கௌஃப்மனின் ஓவியங்களைத் திரட்டிக் கழகமே தனிக் கண்காட்சி நடத்தியது. சுவரில் வெறும் உருவப்படமாகத் தொங்கியவரின் படைப்புகள் அதே நிறுவனத்தின் சுவர்களை நிறைத்தன.

அடுத்த வாசல்

பெண்களுக்குச் சாத்தப்பட்ட கதவு மற்றவர்களுக்கும் சாத்தியே இருந்தது. சொஃபானியின் படத்தில் விருந்தாளியாக நின்ற சீனக் கலைஞரை மறந்துவிடாதீர்கள். விருந்தாளியாக நிற்பது வேறு, அங்கத்தவராக அமர்வது வேறு. கறுப்பினத்தவர் ஒருவர் இக்கழகத்தின் அங்கத்தவராக 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கயானாவில் பிறந்த ஃப்ராங்க் போலிங் என்பவரே அவர். கறுப்பினப் பெண் ஒருவர் அங்கத்தவரானது 2016இல். அவர் சோனியா பொய்ஸ்.

2005இலேயே ஈராக்கின் பக்தாத் நகரில் பிறந்த கட்டடக் கலைஞர் ஸஹா ஹதீதும் அங்கத்தவரானார். உலகக் கட்டடக் கலையின் உயர் விருதான பிரிட்ஸ்கர் விருதை 2004இல் பெற்ற முதல் பெண் இவர். நெடுங்காலம் அவரது வரைபடங்களைப் பார்த்தவர்கள், "அழகாக இருக்கிறது, ஆனால் கட்ட முடியாது" என்றார்கள். அவை பின்னர் பல நாடுகளில் கட்டடங்களாய் எழுந்து நின்றன.

இவர்களை உள்ளே எடுத்ததால் கழகத்தின் தரம் குறைந்துவிட்டதா? எதிர்மாறாக, 2022இல் வெனிஸ் நகரின் உலகக் கலை விழாவில் பிரித்தானியாவின் சார்பில் கலந்துகொண்டு, சிறந்த தேசிய அரங்குக்கான தங்கச் சிங்க விருதைப் பெற்றுக்கொடுத்தவர் சோனியா பொய்ஸ்தான்.

நமக்கென்ன பாடம்?

"லண்டன் கழகத்தின் கதை நமக்கெதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நமது ஊர்களிலும் கலை விழாக்கள் நடக்கின்றன. சித்திரப் போட்டிகள் நடக்கின்றன. இலக்கிய வட்டங்களும் பாடசாலைக் கலை மன்றங்களும் இயங்குகின்றன. அவற்றைப் பார்த்து அதே நான்கு கேள்விகளைக் கேட்போம்.

யார் படிக்கிறார்கள்? நமது பாடசாலைகளில் சித்திரப் பாடத்தை ஆர்வத்தோடு எடுக்கும் பெண் பிள்ளைகள் ஏராளம். யார் கற்பிக்கிறார்கள்? அங்கும் பெண்களைக் காணலாம். யார் தெரிவு செய்கிறார்கள்? போட்டி நடுவர் குழுவின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். யார் மேசையில் அமர்கிறார்கள்? மன்றத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்களைப் பாருங்கள். விழா அன்று தேநீர் ஊற்றியவர்கள் யார், மேடையில் அமர்ந்தவர்கள் யார் என்றும் பாருங்கள். பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பரிகாரமும் பெரிய செலவுள்ளதல்ல. சித்திரப் போட்டியா, கதைப் போட்டியா? பெயரையும் ஊரையும் மறைத்து இலக்கமிட்டு நடுவரிடம் கொடுங்கள். பெண் பிள்ளைகள் கலந்துகொள்ளத் தயங்கும் நேரம், தயங்கும் இடம் என்றால் நேரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள், பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள். நிர்வாகக் குழுவில் ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால், அவர்கள் போனபின் கதவு மீண்டும் சாத்திக்கொள்ளும் என்பதற்கு 1819ஆம் ஆண்டே சாட்சி.

வீட்டில் இருக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். அஞ்செலிகாவின் தந்தை ஓர் ஓவியர். மேரியின் தந்தையும் ஒரு கலைஞர். கழகப் பாடசாலையைப் பொறுப்பேற்று நடத்தியவர். அக்காலத்தில் பெண் பிள்ளைக்குத் தூரிகை பிடிக்கக் கற்பிக்கப் பாடசாலைகள் முன்வருவது அரிது. வீட்டில் வாப்பாமாரே கற்பித்தார்கள். லோரா நைட்டுக்கு அவரது உம்மா வழிகாட்டினார். எந்த நிறுவனத்தின் கதவும் திறப்பதற்கு முன் வீட்டின் கதவு திறக்க வேண்டும். மகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வரைந்துவைத்திருப்பதைக் கண்டால், "படிக்கிற நேரத்தில் இதென்ன வேலை?" என்று ஏசுவதற்கு முன் ஒரு நிமிடம் அதை உற்றுப் பாருங்கள்.

மகளிர் தினத்தைக் கொண்டாட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொண்டாடுங்கள். அதோடு, ஆண்டுக்கொரு முறை கணக்கும் பாருங்கள். கடை வைத்திருப்பவர் இருப்புக் கணக்கு எடுப்பதில்லையா? கடந்த ஆண்டு எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்று எழுதிவையுங்கள். சமத்துவம் ஒருமுறை கொடுத்து முடிக்கும் பரிசு அல்ல. பார்க்காமல் விட்டால் துருப்பிடிக்கும் பூட்டு அது.

உங்கள் ஊர்க் கலை மன்றத்தின் அடுத்த பொதுக்கூட்டம் எப்போது என்று விசாரித்துப் பாருங்கள். அந்த நான்கு கேள்விகளையும் அங்கே கேட்கலாம் அல்லவா?